இரண்டாம் நாயனம்

ஆடித் தபசு நெருங்கும் நாட்களில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் நடந்தால் ஒரு பாட்டிலிருந்து தப்ப முடியாது. பருத்தியும் மிளகாயுமாகச் சம்சாரிகள் கோமதியம்மனுக்குக் காணிக்கை கொண்டுவரும் அந்தப் பன்னிரண்டு நாள் நெரிசலில், ஏதாவதொரு கடையிலிருந்தோ கல்யாண மண்டபத்திலிருந்தோ ‘சிங்கார வேலனே தேவா’ ஒலித்துக்கொண்டிருக்கும். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாடல். எஸ்.ஜானகியின் குரலும் நாகஸ்வரமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்தும். அதைக் கேட்டுத் தலையசைக்கும் பலருக்கும் ஊதியவர் காருகுறிச்சி அருணாசலம் என்பது தெரியும். நம் தென்பாண்டிச் சீமைக்காரர் என்ற பெருமிதமும் உண்டு. ஆனால் அந்த நாகஸ்வரத்துக்குள் இன்னொருவர் மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களாக ஐரோப்பிய ஆர்கன் இசையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் நூற்றாண்டின் தேவாலய ஆர்கன் கலைஞர்கள் யாரிடம் கற்றார்கள், கற்றதை என்ன செய்தார்கள் என்று போகப் போக, படிக்கிற பெயர்களெல்லாம் வடக்கு ஜெர்மனியிலிருந்து நழுவிக் காவிரிக்கரைக்கு வந்துவிட்டன. ஆலயத்துக்கென்றே வளர்ந்த வாத்தியம். எழுதிவைக்காமல் அந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பதையே தலைமையான திறமையாகக் கருதிய மரபு. பக்கத்தில் கிடந்து கற்கும் மாணவர்கள். இரண்டு இடத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஆசிரியர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்தார். மாமா திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாகஸ்வர வித்வான். ஆனால் சிறுவனுக்கு முதலில் கிடைத்தது வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் என்ற பிடில் மேதையிடம் பாடம். நாகஸ்வரப் பயிற்சி அதற்குப் பின்பு, அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம். இந்த வரிசை முக்கியமானது. குரலால் ராகத்தை அறிந்த ஒருவர் பிறகு குழலை எடுத்தபோது, குழல் எதை ஊதும் என்று பார்க்கவில்லை. குரல் போகிற இடமெல்லாம் குழல் ஏன் போகக் கூடாது என்று கேட்டார். தோடியை அவர் மணிக்கணக்கில் விரித்ததாகச் சொல்வார்கள். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் இசைத்தட்டிலேயே அந்தத் தோடி எப்படி நிற்கிறது என்பதை இன்றும் கேட்டறியலாம். அலைபோல வந்து மோதுகிறது. அடுத்த அலைக்கு முன்னால் கரையில் இருப்பவனுக்கு மூச்சுவிட இடம் இல்லை.

கேட்டவர்களில் நாகஸ்வரக்காரர்கள் மட்டும் இருந்திருந்தால் வரலாறு வேறு. ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் ராக ஆலாபனையில் விழும் மின்வெட்டுப் பிருகாக்களுக்குப் பின்னால் ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு இருக்கிறது என்பது இசையுலகில் பலமுறை பேசப்பட்டது. குரலிலிருந்து குழலுக்குப் போனது, குழலிலிருந்து மறுபடியும் குரலுக்கு வந்துவிட்டது. ஆசிரியர் என்ற சொல்லை நாம் சற்று அகலமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொற்பொருளில் அவர் நல்ல ஆசிரியராக இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வருவாரா என்பதே நிச்சயமில்லாத மனிதர். வந்த பணத்தைத் தங்கவிடாதவர். கோபமும் கொண்டாட்டமும் எந்த நேரத்தில் எது என்று அருகிலிருப்பவர்களுக்கே தெரியாது. இப்படிப்பட்டவரிடம் காலை ஐந்து மணிக்கு ஸரளி வரிசை, மாலை கீர்த்தனைப் பாடம் என்று ஒரு ஒழுங்கை எதிர்பார்க்க முடியுமா? சீடன் கற்க வேண்டிய இடம் வேறாக இருந்தது.

அந்த இடம் நாகஸ்வர மேளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தனி வித்வான் என்று ஒருவர் வந்து வாசித்துப் போவதல்ல மேளம். இரண்டு நாயனம், தவில், தாளம், ஒத்து. சேர்கிற பையன் முதலில் தாளம் தட்டுவான். அல்லது ஒத்து ஊதுவான். ஒரே ஸ்வரத்தை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். உண்மையில் அது மூச்சைக் கன்னத்தில் தேக்கி, மூக்கால் இழுத்து, வாயால் விடுகிற கடும் பயிற்சி. அதைவிட முக்கியம், ஒத்து ஊதுகிறவன் பேச முடியாது, தானாக எதுவும் வாசிக்க முடியாது. கேட்க மட்டுமே முடியும். ஆண்டுக்கணக்கில் கேட்பான். ஜெர்மானியத் தேவாலயங்களில் ஆர்கனின் துருத்தியை மிதிக்கக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். வேறொருவர் வாசிப்பதற்குத் தன் மூச்சைக் கொடுக்கும் வேலை. ஆனால் அந்தக் கூலியாள் ஆர்கன் கலைஞன் ஆவதில்லை. நம்மூரில் ஒத்துக்காரன்தான் நாளைய நாயனக்காரன். நம்முடைய ஏற்பாடு மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒத்துக்கு அடுத்த படி இரண்டாம் நாயனம். கீர்த்தனையில் இருவரும் சேர்ந்து ஊதுவார்கள். ராகம் வந்தால் முதல்வர் ஒரு இடத்தில் நிறுத்துவார். அந்தக் கணத்தில் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல்வர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதாது. அவர் இன்னும் சொல்லாததைச் சொல்லிவிட்டால் வம்பு. நூற்றுக்கணக்கானவர் முன்னால், ஒத்திகை இல்லாமல் நடக்கும் பாடம் இது.

இங்கேதான் காருகுறிச்சி வருகிறார். தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அருணாசலம் 1921இல் அங்கே பிறந்தார். தந்தை பலவேசம். ஆரம்பப் பாடம் சுத்தமல்லி சுப்பையா கம்பரிடம். ராஜரத்தினம் பிள்ளை தெற்கே ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்தபோது உடன் வாசிக்க ஆள் இல்லாமல் போக, உள்ளூர்ப் பெரியவர்கள் இந்தப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்றும், வாசிப்பைக் கேட்ட பிள்ளை கையோடு திருவாவடுதுறைக்கு அழைத்துப் போய்விட்டார் என்றும் சொல்லப்படுகிறது. சொல்லச் சொல்ல மெருகேறிய கதைதான். ஆனால் அதன் சாரத்தை மறுக்க வேண்டியதில்லை: மாணவன் ஆசிரியரைத் தேடிப் போகவில்லை; ஆசிரியருக்கு இரண்டாம் நாயனம் தேவைப்பட்டது. திருநெல்வேலிக்காரன் தஞ்சாவூர் பாணிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

இருவரும் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் முதலில் யார் எவரென்று பிரிப்பது கடினம். அரை மணி நேரம் பொறுத்தால் பிரிந்துவிடும். ராஜரத்தினம் பிள்ளை ஒரு ஸ்வரத்தை அடைவதற்கு முன்பே அடுத்ததைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். அருணாசலம் அடைந்த ஸ்வரத்தில் சற்று உட்காருகிறார். அந்தச் ‘சற்று’தான் பிற்காலத்துக் காருகுறிச்சி.

இதற்குச் சமமான உறவு ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. யான் பீட்டர்ஸோன் ஸ்வேலிங்க், 1562 முதல் 1621 வரை வாழ்ந்தவர், அங்குள்ள பழைய தேவாலயத்தின் ஆர்கன் கலைஞர். விசித்திரமான உத்தியோகம் அது. நகரம் கால்வினியச் சமயத்துக்கு மாறிவிட்டது. வழிபாட்டில் ஆர்கனுக்கு இடமில்லை. சம்பளம் கொடுத்தது நகராட்சி. ஆராதனைக்கு முன்னும் பின்னும் அவர் வாசிப்பார், ஊரார் கேட்பார்கள். வழிபாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட ஆலய வாத்தியம், அதனாலேயே கச்சேரி வாத்தியமாயிற்று. ஹாம்பர்க் நகரத்துத் தேவாலயங்கள் தங்கள் இளைஞர்களை அவரிடம் அனுப்பிவைத்தன. யாக்கோப் பிரிட்டோரியஸ், ஹைன்ரிஷ் ஷைடெமன் இருவரும் அவரிடம் கற்று ஹாம்பர்க் திரும்பியவர்கள்; ஹாலே நகரத்து சாமுவேல் ஷைட்டும் அவர் மாணவர். பின்னாளில் ‘ஹாம்பர்க்கின் ஆர்கன் கலைஞர்களை உருவாக்கியவர்’ என்றே அவருக்குப் பட்டம் விழுந்தது. இதில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. அவருடைய ஆர்கன் இசையில் எதையும் அவர் வாழ்நாளில் அச்சிடவில்லை. இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மாணவர்களும் மற்றவர்களும் எடுத்த படிகள். மாணவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் ஸ்வேலிங்க் வெறும் பெயர்.

அந்தப் பரம்பரையின் கடைசிக் கண்ணியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஷைடெமனின் மாணவர் ரைன்கென். 1720இல் யோஹான் செபாஸ்டியன் பாக் ஹாம்பர்க் சென்று, அந்தக் கிழவர் முன்னால் ஒரு துதிப்பாடலை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய அரை மணி நேரம் கற்பனையாக விரித்து வாசித்தார். இந்தக் கலை செத்துப்போயிற்று என்றிருந்தேன், உன்னிடம் உயிரோடிருக்கிறது என்ற பொருளில் ரைன்கென் சொன்னதாக பாக்கின் இரங்கல் குறிப்பில் இருக்கிறது. அதே பாடலுக்கு ரைன்கென் எழுதிய இசையைப் பதினைந்து வயது பாக் படியெடுத்துவைத்திருந்தார் என்பது, வைமார் நூலகத்தில் 2006இல் அந்தக் கையெழுத்துப் படி கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் தெரியவந்தது. கிழவர் புகழ்ந்தது ஒரு வகையில் தன் பிரதிபலிப்பைத்தான்.

இதே பாக், இருபது வயதில், 1705இல், ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார், பக்ஸ்டஹூடவின் வாசிப்பைக் கேட்க. நான்கு வார விடுப்பு. திரும்பியது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. திரும்பியதும் என்ன நடந்தது? தேவாலய நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. இத்தனை நாள் எங்கே போனாய் என்பது ஒரு குற்றச்சாட்டு. துதிப்பாடலுக்கு நடுவே அந்நிய ஸ்வரங்களைப் புகுத்திச் சபையைக் குழப்புகிறாய் என்பது இன்னொன்று. ஆசிரியரின் செல்வாக்கு முதலில் பதிவானது புகார்ப் புத்தகத்தில்!

ராஜரத்தினம் பிள்ளையின் செல்வாக்கும் புகாராகத்தான் தொடங்கியது. அது வெறும் இசை பற்றிய புகார் அல்ல. நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், மேல்சட்டை கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டம். ஊர்வலத்தில் மைல்கணக்கில் நடந்து வாசிக்க வேண்டும். பாடகர் மேடையில் அமர்ந்து பாட, அவர் பாடும் அதே தோடியை ஊதுகிறவர் வாசலில் நின்றார். பிள்ளை கிராப்பு வைத்தார். சட்டை போட்டார். ஷெர்வானி அணிந்தார். மேடை கேட்டார், அமர்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். ‘கவி காளமேகம்’ (1940) படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். திமிர் என்றார்கள். திமிர்தான். அந்தத் திமிர் இல்லாதிருந்தால் அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு வாசலில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோடி எல்லாருக்கும் வராது. உட்காருகிற நாற்காலி எல்லாருக்கும் வந்தது. அவர் மாணவர்களுக்கு விட்டுப்போன சொத்தில் பெரியது அதுவே என்பது என் கட்சி.

வாத்தியத்தையும் அவர் இருந்தபடி விட்டுவைக்கவில்லை. பழைய நாயனம் திமிரி எனப்படும் குட்டை வகை. நாலரை, ஐந்து கட்டை என்று உச்ச சுருதியில் தெருக்கோடிவரை கேட்கும். அதற்கு ஒரு குறை: சுத்த மத்தியமம் துளையில் இயல்பாகப் பேசாது, உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். தோடியும் சங்கராபரணமும் சுத்த மத்தியமத்தில் நிற்கும் ராகங்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து பிள்ளை செய்த முயற்சிகளில் அந்த மத்தியமம் பிடிபட்டது. இரண்டரை அடிக்கு மேல் நீண்ட பாரி நாயனம், இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி, கனத்த கார்வை. இன்று எந்தக் கல்யாணத்தில் கேட்டாலும் நாம் கேட்பது அநேகமாக அந்த நீண்ட குழலைத்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து, ஏழு விரல் துளையும் கீழே ஐந்து துளையும் இட்டு, அணசு பூட்டும் அந்த வேலை அங்கே ஒருசில குடும்பங்களின் கையில் இருக்கிறது.

ஆனால் இழந்ததும் உண்டு. தாழ்ந்த சுருதி மேடைக்கு ஏற்றது, ஒலிவாங்கிக்கு ஏற்றது, தேரோட்டத்துக்கு அல்ல. மேடை பெருகப் பெருக, மல்லாரியில் தொடங்கிப் பள்ளியறைவரை வேளைக்கொன்றாகக் கோயிலில் வாசிக்கப்பட்டவற்றைத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். இதற்குப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது அநியாயம். கோயில்கள் கொடுத்த சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் கலைஞன் மேடைக்குப் போனதைப் பேசக் கூடாது. தி.ஜானகிராமனின் ‘செய்தி’ கதையைப் படித்தவர்களுக்கு, தந்தை வாசிப்புக்கும் மகன் வாசிப்புக்கும் நடுவில் திறந்துகிடக்கும் அந்தப் பள்ளம் நினைவுக்கு வரும்.

நேரில் கற்காத மாணவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் ஓங்கோல் பக்கம் கரவதி என்ற ஊரில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, பரம்பரை நாகஸ்வரக் குடும்பத்தவர். ராஜரத்தினம் பிள்ளையைத் தன் மானசீக குரு என்றார். தஞ்சாவூர் பாணியைப் பயில நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்தார்; பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, 1982இல் சாரதா நாதஸ்வர சங்கீத ஆஸ்ரமம் என்ற பள்ளியைத் தொடங்கினார். லூபெக்குக்கு நடந்த பாக் எனக்கு இவரைத்தான் நினைவூட்டினார். வித்தியாசம், இவர் திரும்பிப் போகவில்லை. சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை 1998இல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. மானசீகச் சீடருக்குக் கிடைத்தது குருவுக்குக் கிடைக்கவில்லை.

1956 டிசம்பர் 12ஆம் நாள் பிள்ளை காலமானார். அருணாசலத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயது. குருவுக்குப் பின் அவருக்குக் கிடைத்தவை ஏழு ஆண்டுகளும் சில மாதங்களும் மட்டுமே. 1964 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். இடைப்பட்ட காலத்தில்தான் அவர் தமிழ்நாடெங்கும் கேட்கப்பட்டார். சினிமாப் பாட்டும் அதற்குள்தான் அடக்கம். அவர் தஞ்சாவூரில் தங்கவில்லை, கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார். இதைச் சிறிய தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காவிரிக்கரையில் ராஜரத்தினம் பிள்ளையின் மாணவன் என்ற அடையாளம் எப்போதும் முன்னால் நிற்கும். கரிசலில் அந்த நிழல் அவ்வளவு நீளவில்லை. அங்கே விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். சாகித்தியம் எதுவும் இல்லாமல் ராகத்தை மட்டும் மணிக்கணக்கில் பாடியவர். கி.ராஜநாராயணன் போன்ற கேட்பவர்கள் இருந்தார்கள். தானே சுவாமிகளிடம் சங்கீதம் பயின்றவர் கி.ரா. பாணி எது, கரானா எது என்று அளவுகோல் வைத்திருக்காத, ஆனால் ராகம் நழுவினால் முகம் சுளிக்கிற ரசிகர்கள்.

அருணாசலத்தின் கடைசி ஆண்டுகளின் பதிவுகளில் நான் கேட்பதாக நினைப்பது இந்த வெக்கை பூமியைத்தான். நினைப்புத்தான், நிரூபிக்கத் தெரியாது. பிருகா வருகிறது, குருவின் பிருகாதான், சந்தேகமே இல்லை. ஆனால் வந்தபின் ஒரு நீண்ட கார்வை. அவசரமே கிடையாது. ‘சிங்கார வேலனே’ பாட்டில்கூட ஜானகி ஸ்வரங்களை வீசி எறியும்போது நாகஸ்வரம் பதறாமல் திரும்பச் சொல்வதைக் கவனியுங்கள். ஒருவர் சொல்லி முடித்த கணத்தில் எடுத்துக்கொள்வது, சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது. இரண்டாம் நாயனமாக உட்கார்ந்த ஆண்டுகளில் கற்ற வித்தை அது. திரையில் வாசிப்பவர் ஜெமினி கணேசன்; கேட்கிற ஆபேரி காருகுறிச்சியுடையது; அந்த எடுப்பின் பழக்கம் திருவாவடுதுறையுடையது.

2021இல் காருகுறிச்சியாருக்கு நூற்றாண்டு வந்துபோயிற்று. அதன்பின் ஒருநாள் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாயனம், இரண்டு தவில்; ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி. சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிட்டதால் எதிரே நாற்காலிகள் காலி. பெரியவர் தோடியை ஆரம்பித்து, மத்தியமத்தில் நின்று, சீவாளியை வாயிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பையனுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். பந்தியைப் பார்க்கவில்லை, கைபேசியைப் பார்க்கவில்லை. பெரியவர் விட்ட அதே மத்தியமத்தில் எடுத்தான்.